புல்லட் ஹெட்டைக் குடையலாமா? வீட்டு வேலைக்கும் பட்டறை வேலைக்கும் ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் என் அக்கா மகன் ஒரு சிலிண்டர் ஹெட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அவன் அப்பா முப்பது ஆண்டுகள் ஓட்டிய புல்லட் 350இன் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல் மூடி அது. எஞ்சினும் கியர் பெட்டியும் தனித்தனியாக இருந்த பழைய வகை. காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் போகும் வழியான இன்டேக் போர்ட்டுக்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் தடவினான். "உள்ளே வார்ப்பு அப்படியே சொரசொரவென்று இருக்கிறது, மாமா. குடைந்து பெரிதாக்கிப் பாலிஷ் போட்டால் வண்டி நன்றாக இழுக்குமாம். உலோகம் குடையும் டை கிரைண்டர் வாங்கி நாமே செய்துவிடலாமா?"

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே ஆசையில் நான் ஒரு நல்ல ஹெட்டைக் கெடுத்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும். அவன் முன்னால் இருந்த வழிகளை மூன்று மாலை உட்கார்ந்து பேசினோம். லேத் பட்டறையில் போர்ட்டைத் திறந்து மூடும் வால்வு, அதன் தண்டைத் தாங்கும் கைடு, அது மூடி உட்காரும் சீட் ஆகியவற்றின் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துகொள்வது ஒன்று. அதோடு வால்வுக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியை மட்டும் வீட்டில் சீராக்குவது இரண்டாவது. போர்ட் முழுவதையும் வீட்டிலேயே குடைவது மூன்றாவது. ரேஸ் எஞ்சின் செய்பவரிடம் ஒப்படைப்பது நான்காவது. ஹெட்டைத் தொடாமல் பெரிய கார்புரேட்டர், வேறு கேம் (வால்வு திறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாகம்), பெரிய பிஸ்டன் என்று போவது கடைசி.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓடும் பழைய புல்லட்டுக்கு முதல் வழி கட்டாயம். கையில் பொறுமை இருந்தால் இரண்டாவதையும் செய்யலாம். மூன்றாவது வேண்டாம். இதற்கான காரணம் ஹெட்டில் தொடங்கவில்லை, எஞ்சின் உண்மையில் எவ்வளவு காற்றைக் கேட்கிறது என்பதில் தொடங்குகிறது.

எஞ்சின் கேட்கும் மூச்சு

பழைய புல்லட் 350க்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். 5,500 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுமையாக நிரம்புகிறது என்றே வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 950 லிட்டர் காற்று போதும். கடைத்தெருவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போகும்போது இதில் சிறு பங்குதான் உள்ளே போகிறது. அப்போது காற்றை மறித்துக்கொண்டு நிற்பது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு என்ற தடுப்பு; நம் கையே அதைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்திருக்கிறது. போர்ட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்த நேரத்தில் ஒரு பயனும் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகி, எஞ்சின் உயர் சுற்றில் ஓடும்போதுதான் போர்ட் கணக்கில் வருகிறது. ஒரு நாள் ஓட்டத்தில் அப்படிப்பட்ட நிமிடங்கள் எத்தனை என்று அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

உயர் சுற்று என்று சொன்னதும் இன்னொரு கவலை வருகிறது. 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எஞ்சின் 5,500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 16.5 மீட்டர். கனமான ஃப்ளைவீல், இரும்பு சிலிண்டர், கனெக்டிங் ராடின் பெரிய முனையில் பழைய வண்டிகளில் இருந்த ஃப்ளோட்டிங் புஷ் என்ற உலோக வளையம் ஆகியவற்றை இதோடு சேர்த்துப் பாருங்கள். தாழ்ந்த சுற்றில் நிதானமாக இழுப்பதற்கென்று செய்யப்பட்ட எஞ்சின் இது. பெரிய போர்ட் சக்தியை மேல் சுற்றுக்குத் தள்ளும்; அந்தச் சுற்றில் நீண்ட நேரம் ஓட்டினால் முதலில் போவது அந்தப் புஷ்தான். தலைக்குச் செய்த செலவை அடிவயிற்றில் இழப்போம்.

பெரிய துளையில் காற்று அதிகம் போகும் என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும். 28 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளையை 30 ஆக்குகிறோம் என்று வையுங்கள். பரப்பு சுமார் 15 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று போகும்போது அதன் வேகம் 13 சதவீதம் குறைகிறது. காற்றுக்கும் எடை உண்டு, ஓடும் காற்றுக்கு உந்தம் உண்டு. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் மேலும் கொஞ்சம் கலவையை உள்ளே திணிப்பது அந்த உந்தம்தான். வேகம் குறைந்தால் தாழ்ந்த சுற்றில் கலவை பின்னோக்கி வரும், பெட்ரோல் துளிகள் சுவரில் படியும், மேட்டில் ஏறும்போது வண்டி சோர்ந்துபோகும். இரண்டு மில்லிமீட்டர் என்பது நம் கண்ணுக்குச் சிறியது, கலவைக்கு அப்படி இல்லை.

லேத் பட்டறை வேலை

முதல் வழியை யாரும் போர்ட்டிங் (போர்ட்டைக் குடைந்து மாற்றும் வேலை) என்று சொல்வதில்லை. ஆனால் பழைய ஹெட்டில் காற்றோட்டத்தை மிக அதிகமாக மீட்டுத் தருவது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மருமகன் கொண்டுவந்த ஹெட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தோம். இன்டேக் வால்வு சீட்டுக்குள் நன்றாக இறங்கிப் போயிருந்தது. பல ஆண்டுகளாக, ஒவ்வொரு முறை ஹெட்டைக் கழற்றும்போதும் யாரோ அரைக்கும் பேஸ்ட் தடவி வால்வைத் தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். வால்வு தொடும் சீட்டின் பட்டை இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, வால்வைச் சுற்றி ஒரு சிறு கிணறு போல ஆகியிருந்தது. இப்படி இறங்கிய வால்வு திறக்கத் தொடங்கும்போது காற்று வெளியே பரவ வழியில்லாமல் அந்தக் கிணற்றுச் சுவரில் மோதுகிறது. போர்ட்டின் உட்புறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்று கடைசியில் இந்த வாசல் வழியாகத்தான் சிலிண்டருக்குள் போயாக வேண்டும்.

அந்த வாசலின் பரப்பு வால்வின் சுற்றளவை அது எழும்பும் உயரத்தால் பெருக்கினால் வருவது. வால்வின் விட்டத்தில் கால் பங்கு உயரம் எழும்பினால்தான் அந்த வாசல் வால்வின் முழுப் பரப்புக்குச் சமமாகும். 40 மி.மீ. வால்வுக்கு அது 10 மி.மீ. அதுவரைக்கும், அதாவது வால்வு திறந்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில், ஓட்டத்தைத் தீர்மானிப்பது சீட்டும் அதன் விளிம்புகளும்தான். ஒரே 45 பாகை வெட்டோடு நின்றுவிடாமல் மேலே 30, கீழே 60 என்று மூன்று கோணங்களில் சீட்டை வெட்டினால் காற்று கூரிய விளிம்பில் பிய்ந்துபோகாமல் வளைந்து திரும்புகிறது. சீட்டுப் பட்டையை இன்டேக்கில் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர், புகை வெளியேறும் எக்ஸாஸ்டில் ஒன்றரை முதல் இரண்டு வரை வைப்பது வழக்கம். எக்ஸாஸ்டில் குறைக்க ஆசைப்படக் கூடாது. அந்த வால்வின் சூடு ஹெட்டுக்குள் இறங்குவது பெரும்பாலும் அந்தப் பட்டை வழியாகத்தான். ஒடுங்கினால் வால்வு எரிந்துபோகும்.

இந்த வேலையை வீட்டில் செய்ய முடியாதா என்று அவன் கேட்டான். சீட் கட்டர் தொகுப்பு கடையில் கிடைக்கிறது, கையால் சுற்றியே வெட்டலாம். ஆனால் கட்டரை நேராக நிறுத்தும் பைலட் கம்பி கைடுக்குள்தான் நிற்கிறது. கைடு தேய்ந்து வால்வு ஆடினால் சீட்டும் மையம் விலகித்தான் வெட்டுப்படும். எனவே கைடை மாற்றி, ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட்டு, பிறகுதான் சீட். ஹெட்டைச் சூடேற்றிப் பழைய கைடைத் தட்டி எடுப்பது, புதியதை நேராக இறக்குவது, அளவு பார்த்து ரீமர் விடுவது ஆகிய மூன்றும் தினமும் செய்பவர் கைக்குத்தான் பழகும். ஒரு நல்ல லேத் பட்டறையில் இதற்கு ஆகும் கூலியைவிட, டை கிரைண்டரும் நல்ல கார்பைடு பர்களும் (குடையும் முனைகள்) வாங்கும் செலவு குறைவாக இருக்காது. வேலை முடிந்து வந்ததும் வால்வுகளைப் போட்டு, கம்பஷன் சேம்பரில் (கலவை எரியும் குழியில்) மண்ணெண்ணெய் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். போர்ட் பக்கம் ஈரம் கசியவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். கசிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

வீட்டு மேசையில் எது வரை

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. சீட்டுக்குக் கீழே ஏறத்தாழ ஓர் அங்குல ஆழத்துக்குள் நிற்கும் வேலை இது. வார்ப்பில் செய்த அலுமினியமும் அழுத்திப் பொருத்திய சீட் வளையமும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு படி இருக்கும். வளையம் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது தொழிற்சாலையில் கட்டர் நின்ற இடத்தில் கூரிய விளிம்பு இருக்கும். விரல் நகத்தை மெதுவாக இழுத்தால் தட்டும். காற்று திரும்ப வேண்டிய மிக நெருக்கடியான இடத்தில்தான் இந்தப் படி இருக்கிறது. அதைக் கரைத்துவிடுவதே முதல் வேலை. தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 38 மி.மீ. வால்வென்றால் 32.3க்கும் 34.2க்கும் நடுவில். அதற்கு மேல் போனால் சீட்டுக்குக் கீழே வளைந்து திரும்ப இடமே இருக்காது.

அடுத்தது கைடு. போர்ட்டின் கூரையிலிருந்து கைடைப் பிடித்துக்கொண்டு ஒரு திண்டு இறங்கும். அதன் பக்கங்களைச் சற்றே மெலித்து, காற்று வரும் முகத்தை உருட்டி, பின்முகத்தை மீன் வால் போல ஒடுக்கலாம். உயரத்தைக் குறைக்க வேண்டாம். கைடுக்குத் தாங்கல் போனால் வால்வு ஆடத் தொடங்கும். முதல் வழியில் செய்த வேலையெல்லாம் சில ஆயிரம் கிலோமீட்டரில் வீணாகும்.

மூன்றாவது இடம் உள்வளைவு. போர்ட்டின் தரை, சீட்டை நோக்கிக் கீழே திரும்பும் குறுகிய வளைவு அது. நான் கெடுத்த ஹெட் இங்கேதான் கெட்டது. தரையைத் தாழ்த்தினால் வழி பெரிதாகும் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கே குடைந்தேன். தரை தாழத் தாழ அந்த வளைவு கூர்மையாகிக்கொண்டே போனது. அகன்ற வளைவில் திரும்பிக்கொண்டிருந்த காற்றுக்கு முழங்கை போன்ற திருப்பத்தைச் செய்துவைத்தேன். வேகமாக வரும் காற்று அந்தத் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பாது. பிரிந்து எதிர்ப்புறம் போய் மோதும். வால்வின் பாதிச் சுற்றளவு வேலையில்லாமல் நிற்கும். கடைசியில் பர் துள்ளி சீட்டின் முகத்தில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறிவிட்டது. அந்தச் சீட்டை எடுத்துப் புதிதாகப் பொருத்த வேண்டியதாயிற்று. தரையில் எடுத்த அலுமினியத்தை மட்டும் திருப்பி வைக்க முடியவில்லை. உள்வளைவில் பர் வேண்டாம். 80 எண் உப்புத்தாளை விரலில் சுற்றி விளிம்பை மட்டும் உருட்டினால் போதும்.

கருவியைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். வேகமான பெரிய டை கிரைண்டர் கைதேர்ந்தவருக்குத்தான் நல்லது. முதல் முறை செய்பவருக்கு 3 மி.மீ. தண்டு பிடிக்கும் சிறிய ரோட்டரி கருவியே போதும். அது மெதுவாகத்தான் உலோகத்தை எடுக்கும், அந்த மெதுவே நமக்குப் பாதுகாப்பு. அலுமினியத்துக்கென்று அகன்ற பள்ளங்கள் உள்ள கார்பைடு பர் கேட்டு வாங்குங்கள். அரைக்கல் வேண்டாம், அலுமினியம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். பர்ரை அவ்வப்போது மண்ணெண்ணெயில் தொட்டால் ஒட்டாது. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். துகள்கள் ஊசி போலத் தெறிக்கும். நுண்தூள் நெஞ்சுக்குள் போனால் எளிதில் வெளியே வராது. சீட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளியே பர் நிற்கட்டும், மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். முதலில் கைடு, பிறகு வீட்டில் தொண்டை வேலை, கடைசியில் பட்டறையில் சீட் வெட்டு. இப்படிச் செய்தால் நம் கை தவறிப் போட்ட சிறு கீறல்களைக் கடைசி வெட்டு எடுத்துவிடும். சீட்டை வெட்டி வாங்கிய பிறகு குடையத் தொடங்கினால், ஒரே ஒரு துள்ளலில் கொடுத்த கூலி போய்விடும்.

பாலிஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை நண்பர் ஒருவர் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய ஹெட்டை என்னிடம் காட்டினார். இன்டேக் போர்ட் வெள்ளித் தட்டு போல மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. காலையில் வண்டியைக் கிளப்ப அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். போர்ட்டில் போவது வெறும் காற்று இல்லை. பெட்ரோல் துளிகளும் கூடப் போகின்றன. கண்ணாடி போன்ற சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டிக்கொண்டு வழிகிறது. சற்றே சொரசொரப்பான சுவர் அதைக் கிளறிக் காற்றோடு சேர்க்கிறது. எனவே இன்டேக்கில் 80 எண் உப்புத்தாள் விட்ட நிலையோடு நிறுத்துங்கள். எக்ஸாஸ்டில் பெட்ரோல் துளிகள் இல்லை. அங்கே வழவழப்பாக்கினால் கரி படிவது குறையும், அந்த உழைப்பு வீண் இல்லை.

கார்புரேட்டர் இணைப்பும் கேஸ்கெட்டும் ஹெட்டில் சேரும் இடத்தையும் மறக்க வேண்டாம். கேஸ்கெட்டின் துளை சிறியதாக இருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். கூரிய கத்தியால் ஐந்து நிமிடத்தில் சீராக்கிவிடலாம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் குழாய் போர்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் கவலைப்படாதீர்கள். வெளியே போன புகை திரும்பி வருவதை அந்தப் படி கொஞ்சம் தடுக்கவே செய்யும்.

முழுவதும் குடைய நினைப்பவர்களுக்கு

மூன்றாவது வழியை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் கைத்திறன் இல்லை, அளந்து பார்க்க வழி இல்லாமை. 1935இல் வந்த எஸ்.எஸ். ஜாகுவார் காரின் ஹெட்டை வடிவமைத்த ஹாரி வெஸ்லேக், பின்னாளில் மினி காரில் வந்த ஏ-சீரிஸ் எஞ்சினின் இதய வடிவ கம்பஷன் சேம்பருக்கும் காரணமானவர். காற்றை அளந்து பார்த்து வேலை செய்தவர் என்பதால்தான் இந்தத் துறையில் அவர் பெயர் நிற்கிறது. அவ்வளவு பெரிய கைகளுக்கே அளவு வேண்டியிருந்தது. விரலால் தடவி, டார்ச் அடித்துப் பார்த்து, "இப்போது நன்றாகப் போகும்" என்று நாம் முடிவு செய்வதற்கு ஓர் அடிப்படையும் இல்லை.

உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆர்வம் இருந்தால், குடைவதற்கு முன் வீட்டிலேயே காற்றோட்டத்தை அளக்கும் ஓர் அளவுப் பெட்டி செய்யலாம். இதில் நான் கழித்த மாலைகளை இன்னும் மகிழ்ச்சியோடு நினைக்கிறேன். ஒரு மரப்பெட்டி, நடுவில் தடுப்பு, தடுப்பில் கூரிய விளிம்புள்ள ஒரு வட்டத் துளை, இழுப்பதற்கு வாக்குவம் கிளீனர். ஒரு பலகையில் ஊஞ்சல் கயிறு போல வளைத்துக் கட்டிய இரண்டு ஒளி ஊடுருவும் குழாய்களில் நிறம் கலந்த தண்ணீர். ஒன்று ஹெட்டின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும், மற்றொன்று அந்தத் துளையின் இருபுறமும். முதல் குழாயில் 250 மி.மீ. வேறுபாடு வரும்படி ஒரு சிறு கசிவுக் குழாயைத் திறந்து மூடிச் சரிசெய்ய வேண்டும். இது கட்டாயம், மாலையில் வீட்டு மின்னழுத்தம் இறங்கினால் மோட்டாரின் இழுவையும் இறங்கும். பிறகு வால்வை ஒரு போல்ட்டால் ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தள்ளித் திறந்து, இரண்டாவது குழாயின் எண்ணைக் குறித்துக்கொண்டே போகலாம்.

அந்த எண்ணைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றின் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். குடைவதற்கு முன் 100 மி.மீ. காட்டியது பின் 121 காட்டினால் ஓட்டம் 21 சதவீதம் கூடிவிட்டது என்று துள்ளக் கூடாது, கூடியது 10 சதவீதம். இன்னொன்றும் அனுபவத்தில் கற்றது. போர்ட்டின் வாயில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் புனல் போல உருண்டையான விளிம்பு வைத்துத்தான் அளக்க வேண்டும். வைக்காவிட்டால் கூரிய விளிம்பிலேயே காற்று பிய்ந்து, உள்ளே நாம் செய்த எந்த மாற்றமும் கணக்கில் தெரியாது. மெல்லிய கம்பி முனையில் ஒரு கம்பளி நூலைக் கட்டி உள்வளைவின் அருகே நீட்டினால், காற்று சுவரோடு ஒட்டிப் போகிறதா, பிரிந்து படபடக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். நான் கெடுத்த ஹெட்டில் அந்த நூல் பின்னோக்கித் திரும்பி நின்றதைப் பார்த்தபோதுதான் என்ன தவறு செய்தேன் என்று விளங்கியது.

இவ்வளவும் செய்ய மனமிருந்தால் ஓர் உபரி ஹெட்டை வாங்கி அதில் பழகுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ஹெட் தேடினால் கிடைக்கும். கார் ஹெட்டில் இதைத் தொடங்க வேண்டாம் என்பதும் என் கருத்து. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சினில் மூன்று இன்டேக் போர்ட்டும் ஒன்றுபோல வர வேண்டும். சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடும் வழி இருக்கிறது, அதைத் துளைத்துவிட்டால் ஹெட் குப்பைக்குத்தான். காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் அந்த ஆபத்து இல்லை.

யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் போர்ட்கள் ஹெட்டில் இல்லை, சிலிண்டர் சுவரில் இருக்கின்றன. அங்கே விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலும் போர்ட் திறக்கும் நேரமே மாறிவிடும். இங்கே சொன்ன எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பணம் கொடுத்துச் செய்வதென்றால்

கோவையிலும் சென்னையிலும் ரேஸ் எஞ்சின் செய்யும் திறமையான கைகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் ரேஸ் தடங்கள் இருக்கும் மாநிலத்தில் அது இயல்பு. தடத்தில் ஓட்டப்போகிறவர்களுக்கு இதுவே சரியான வழி, ஆனால் எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறோமோ அதன் விதிப்புத்தகம் போர்ட் வேலையை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சாலைக்கு மட்டும் ஓட்டுகிறவர் கொடுப்பதானால் ஒரு கேள்வியை முன்வையுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த எண்களைத் தருவீர்களா, எந்த அழுத்தத்தில் அளந்தீர்கள்? பெரிய கடைகள் 28 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில் அளக்கும், சிறியவை 10 அங்குலத்தில். ஒரே ஹெட் 28இல் அளந்தால் 10இல் அளந்ததைவிடச் சுமார் 1.67 மடங்கு பெரிய எண்ணைக் காட்டும். அழுத்தத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவரிடம் ஹெட்டைக் கொடுக்க நான் தயங்குவேன்.

கார்புரேட்டர், கேம், பெரிய பிஸ்டன் ஆகியவற்றைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. தொண்டையும் சீட்டும் சரியாக இல்லாத ஹெட்டில் பெரிய கார்புரேட்டர் போடுவது ஒடுங்கிய வாசலுக்கு அகலமான முற்றம் கட்டுவது போல. பெரிய பிஸ்டன் போட்டுக் கொள்ளளவைக் கூட்டினால் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்திலிருந்து வண்டி விலகுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அப்பா பெயரில் இருக்கும் வண்டிக்கு அந்தத் தலைவலி தேவையா?

செலவே இல்லாத சில சோதனைகளை இவற்றுக்கெல்லாம் முன் செய்யச் சொன்னேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக் கார்புரேட்டரின் வாய் வழியாகப் பார்க்கச் சொன்னேன். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான். ஸ்லைடு முழுவதும் மேலே போய் மறைய வேண்டும். அவன் வண்டியில் அது விரல் தடிமன் அளவுக்குக் கீழேயே நின்றது. கேபிள் நீண்டு தளர்ந்திருந்தது. எத்தனை ஆண்டுகளாக அந்த வண்டி முழு மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்ததோ! ஏர் ஃபில்டரில் சாலைத் தூசி கெட்டித்துப் போயிருந்தது. சைலன்சருக்குள் கரி அடைத்திருந்தது. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் போர்ட்டைக் குடைந்திருந்தால், என்ன கூடியது என்று ஒருபோதும் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் மாலை அவன் முடிவெடுத்தான். கேபிள், ஃபில்டர், சைலன்சர் முதலில். ஹெட்டுக்கு இரண்டு புதுக் கைடுகள், புது வால்வுகள். வால்வு மிகவும் இறங்கியிருந்ததால் இன்டேக்குக்குப் புதுச் சீட் வளையம். கைடும் வளையமும் பொருத்தி வாங்கிய ஹெட்டை ஒரு சனிக்கிழமை என் மேசையில் வைத்து, தொண்டையில் இருந்த படியை இருவரும் மாறி மாறிக் கரைத்தோம். நான்கு மணி நேரம் ஆனது. எடுத்த அலுமினியம் ஒரு தேக்கரண்டி கூட இருக்காது. "இவ்வளவுதானா, மாமா?" என்றான். உள்வளைவை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நகம் எங்கும் தட்டவில்லை.

பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கைடுக்குள் துணி விட்டு இழுத்து, காற்று ஊதி உலர்த்தினோம். அலுமினியத் துகள் ஒன்று கைடுக்குள் தங்கினாலும் புது வால்வுத் தண்டைக் கீறிவிடும் என்பதால் கழுவும் வேலையை இரண்டு முறை செய்தோம். அடுத்த வாரம் பட்டறையில் மூன்று கோணச் சீட் வெட்டு முடிந்தது, மண்ணெண்ணெய்ச் சோதனையில் ஒரு சொட்டும் கசியவில்லை. மாட்டியபின் பிளக்கின் நிறம் கொஞ்சம் வெளுத்து வந்தது. காற்று கூடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு ஏற்றினோம், இப்போது நிறம் இளம்பழுப்பில் நிற்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அதற்காக வருகிறான்.